சோத்துக்கைப் பக்கம், மேல் மூலை

எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். சொந்த மாமா இல்லை, தெருவுக்கே மாமா. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 74. நவம்பர் பிறந்தால் அவருக்கு ஒரே கவலைதான், உயிர்ச்சான்று. பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருடத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும், காட்டாவிட்டால் பணம் நின்றுவிடும். மத்திய அரசு, ரயில்வே ஓய்வூதியர்களுக்கு நவம்பர்தான் அந்த மாதம். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச்சான்று வந்தபோது கைரேகை வைத்தால் போதும், வங்கி வாசலில் நிற்க வேண்டாம் என்றார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் மாமாவின் கை முப்பது வருடம் அரமும் ஸ்பேனரும் பிடித்த கை. இயந்திரத்தில் எத்தனை தடவை வைத்தாலும் ரேகை விழாது. விரலைத் துடைத்து, எண்ணெய் தேய்த்து, வேறு விரல் வைத்து, கடைசியில் வங்கிக்கே போவார். 2021இல் முகத்தைக் காட்டினாலே போதும், சொந்த போனிலேயே செய்துகொள்ளலாம் என்று வந்ததும் அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

"பாப்பா, நீ கம்ப்யூட்டர் புஸ்தகமெல்லாம் எழுதுறியாமே, இதை எனக்கு ஒரு பேப்பர்ல எழுதிக் குடேன்" என்று கேட்டார்.

எழுதிக் கொடுத்தேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்பது படிகள், ஒரு பக்கம், எளிய தமிழ். பதினோரு வருடம் மென்பொருள் கையேடு எழுதும் வேலையில் இருந்தவள் என்பதால் எனக்கு அதில் சந்தேகமே இல்லை. தாளைக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுத் திண்ணையில் பக்கத்திலேயே உட்கார்ந்தேன், வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு.

இரண்டாவது படியில் நின்றுவிட்டார்.

இந்த வேலைக்கு இரண்டு செயலிகள் வேண்டும். ஒன்று ஜீவன் பிரமாண் செயலி, இன்னொன்று முகத்தைப் படம்பிடித்து ஆதாரோடு ஒப்பிடுகிற ஆதார் ஃபேஸ் ஆர்டி. இந்த இரண்டாவது செயலி பின்னாலிருந்து வேலை செய்வது. போனில் ஏற்றியபிறகு மற்ற செயலிகளைப் போல அதற்கென்று ஒரு படம் முகப்பில் வந்து உட்காராது. நான் "ஆதார் ஃபேஸ் ஆர்டியை இன்ஸ்டால் செய்யுங்கள்" என்று எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போய்விட்டேன். மாமா இன்ஸ்டால் செய்தார். முகப்புக்கு வந்தார். தேடினார். அடுத்த பக்கம் தள்ளிப் பார்த்தார், அதற்கடுத்த பக்கம் பார்த்தார். இல்லை. சரி, ஏறவில்லை போலிருக்கிறது என்று திரும்பப் போய்ப் பார்த்தார், அங்கே ஏற்கெனவே ஏறிவிட்டதாகக் காட்டுகிறது. மறுபடி தேடினார். ஏழெட்டு நிமிடம் ஓடியது. என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "எனக்குத்தான் தெரியலை" என்கிற பார்வை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

அந்த இடத்தில் தாளில் ஒரு வரி சேர்த்தேன்: "இது ஏறியபிறகு திரையில் புதுப் படம் எதுவும் வராது. தேடாதீர்கள். ஏறிவிட்டது, அடுத்த படிக்குப் போங்கள்."

அடுத்து, ஆபரேட்டர். செயலியைத் திறந்ததும் முதலில் ஆபரேட்டரின் ஆதார் எண்ணைக் கேட்கும். சொந்த போனில் தனக்குத்தானே செய்துகொள்பவருக்கு ஆபரேட்டரும் அவரேதான், பென்ஷன்காரரும் அவரேதான். முதலில் ஆபரேட்டராக ஒருமுறை முகத்தைக் காட்டி, அப்புறம் பென்ஷன்காரராக இன்னொருமுறை காட்ட வேண்டும். எனக்கு இது தெரியும், அதனால் எழுதத் தோன்றவில்லை. மாமா ரயில்வேயில் இருந்தவர். ஆபரேட்டர் என்றால் அவருக்குக் கிரேன் ஆபரேட்டர், லேத் ஆபரேட்டர். "ஆபரேட்டர் நம்பருக்கு எங்க பாப்பா போறது, தாசில்தார் ஆபீசுக்கா?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கும் ஒரு வரி: "இங்கே ஆபரேட்டர் என்றால் நீங்கள்தான். உங்கள் ஆதார் எண்ணையே போடுங்கள்."

அப்படியே போய்க்கொண்டிருந்தது. நடுவில் மறுவேலையில் சேர்ந்திருக்கிறீர்களா, மறுமணம் செய்துகொண்டீர்களா என்று இரண்டு கேள்விகள் வரும். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு அது முக்கியம் என்பதால் எல்லோரையும் கேட்கிறது. முன்கூட்டிச் சொல்லாததால் மாமா போனைக் கீழே வைத்துவிட்டார், தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று. அத்தை இறந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தக் கேள்வி அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது தாளில் அந்த இடத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், இப்படி ஒரு கேள்வி வரும், எல்லோரையும் கேட்பார்கள் என்று.

ஒரு பக்கத் தாள் அன்று சாயங்காலம் மூன்று பக்கம் ஆகியிருந்தது. கையேடு சுருக்கமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கம் கூடினாலும் பரவாயில்லை, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் ஆள் விழுந்துவிடக் கூடாது. கஷ்டமான சொல்லைக்கூட மக்கள் தாண்டிவிடுகிறார்கள். எழுதியவர் தனக்குத் தெரியும் என்பதால் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த வரி எதுவென்று நம் மேசையில் உட்கார்ந்து யோசித்தால் ஒருநாளும் வராது. ஆளுக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய காலம் ஒன்று முன்பே வந்தது. ஒரு மென்பொருள் நிறுவனத்தில், கடைகளுக்குப் பில் போடும் மென்பொருளுக்குக் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது நினைவிருக்கும். அதற்கு முந்தைய இரண்டு மாதங்கள் எங்களுக்குத் தூக்கமே இல்லை. கணினியையே தொட்டிராத கடைக்காரர்கள்கூட திடீரென்று மென்பொருள் வாங்கினார்கள். பொருளின் வகையைக் காட்ட ஒரு எச்எஸ்என் எண், வரி அப்போது 5, 12, 18, 28 சதவீதம் என்று நாலு அடுக்கு, அதிலும் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. நான் எழுதிய புத்தகம் 180 பக்கம். முதலில் மென்பொருளின் அமைப்பு, அப்புறம் எல்லா மெனுக்களின் பட்டியல், அப்புறம் கணக்குத் தலைப்புகளை உருவாக்குவது. முதல் பில்லை எப்படிப் போடுவது என்பது 31ஆம் பக்கத்தில் வரும்.

என் மேசைக்குப் பின்னால்தான் உதவி மையம். அங்கிருந்த பெண்கள் நாள் முழுக்க போனில் பேசுவது என் காதில் விழும். ஒரு இரும்புக்கடைக்காரர் கூப்பிட்டு, "பில்லு தப்பா விழுந்துருச்சும்மா, சரக்கும் வண்டியில போயிருச்சு, இப்ப என்ன பண்றது?" என்று கேட்டதை ஸ்பீக்கரில் கேட்டேன். அதற்குப் பதில் என் புத்தகத்தில் இருந்தது. இரண்டு பக்கம், படத்தோடு. ஆனால் தலைப்பு "கிரெடிட் நோட் உருவாக்குதல்". பில் தப்பாகப் போன மனிதர் "பில் தப்பு" என்றுதான் தேடுவார். கிரெடிட் நோட் என்ற பெயர் தெரிந்திருந்தால் அவர் போனே செய்திருக்க மாட்டார்.

அன்றிலிருந்து உதவி மையத்துக்கு வரும் கேள்விகளை அவர்கள் கேட்கும் வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். "நேத்து போட்ட பில்லைக் காணோம்." "ஒரே ஆளு ரெண்டு பேர்ல இருக்காரு." "பிரிண்டு பாதியில வெட்டுது." அடுத்த பதிப்பில் தலைப்புகளை இதே மாதிரி வைக்கலாம் என்று கேட்டேன். புத்தகம் தரமாகத் தெரியாது என்றார்கள். நான் அதிகம் வாதாடவில்லை, வாதாடியிருக்க வேண்டும். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது நான் எழுதும் எல்லாத் தாளிலும் தலைப்புகள் அந்த நோட்டின் பாணிதான்.

இதெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1980களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் ஐபிஎம்மின் வாட்சன் ஆய்வு மையத்தில் ஜான் கேரல் என்பவர், அலுவலகச் செயலாளர்கள் தட்டச்சு இயந்திரத்தை விட்டுக் கணினிக்கு மாறியபோது கையேட்டை வைத்துக்கொண்டு எப்படித் திண்டாடுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தார். கையேடுகள் ஒழுங்காக, வரிசையாக, முழுமையாக இருந்தன. ஆனால் யாரும் வரிசையாகப் படிக்கவில்லை. கடிதம் அடிக்க வந்தவர்கள் கடிதத்தை அடிக்கப் பார்த்தார்கள், நாலு பக்கத்தைத் தாண்டினார்கள், எங்கேயோ தப்பாக அழுத்தினார்கள், அங்கிருந்து எப்படி மீள்வது என்று புத்தகத்தில் எங்கும் இல்லை. கேரல் செய்தது, முன்னுரையையும் விளக்கத்தையும் வெட்டி எறிந்துவிட்டு உடனே வேலையைத் தொடங்க வைப்பது, அதோடு வழக்கமாக எங்கே தப்பு வரும், வந்தால் எப்படித் திரும்புவது என்பதைச் சேர்ப்பது. மினிமல் மேனுவல் என்று அதற்குப் பெயர். கையேடு எழுதுகிறவர்களின் உலகில் நாற்பது வருடமாக எல்லோருக்கும் தெரிந்த பெயர் அவருடையது. எனக்கும் தெரியும், தேர்வுக்குப் படித்ததைப் போலத் தெரியும். திண்ணையில் மாமா பக்கத்தில் உட்கார்ந்தபிறகுதான் அது உள்ளே இறங்கியது.

மீள்வது என்று சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991, 92இல் அறிவொளி இயக்கம் அங்கே ஊர் ஊராக நடந்தது. மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்த காலம். எழுத்துப் படிக்க வந்த பெண்கள் அதோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள், ஆயிரக்கணக்கில். என் அம்மாவும் அதில் ஒருத்தி, அப்போது என்னை இடுப்பில் வைத்திருந்தாள். சைக்கிள் கற்றதைப் பற்றி அம்மா இன்றைக்கும் சொல்வாள்: பெடல், ஹேண்டில்பார் என்று யாரும் பாடம் நடத்தவில்லையாம், ஏற்றிவிட்டு ஒருத்தி பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடி வருவாளாம், விழுந்தால் அவள் பிடிப்பாள் என்ற ஒரே தைரியத்தில்தான் மிதித்தாளாம். அதே அம்மா ஸ்மார்ட்போனை முதலில் வாங்கிக் கொடுத்தபோது, அடுப்பில் இருக்கும் பாத்திரத்தைத் தொடுவதுபோல விரல் நுனியால் தொட்டுவிட்டு உடனே எடுத்துக்கொள்வாள். "எதையாச்சும் அமுக்கிட்டா எல்லாம் போயிருமே." எங்கே பயம் இருக்கிறது என்று எனக்கு அதில் தெரிந்தது. அம்மா மாதிரி எத்தனையோ பேர் கற்றுக்கொள்ளும் ஆசையோடுதான் இருக்கிறார்கள், விழுந்தால் பிடிக்க ஆள் இல்லை என்பதால்தான் தொடாமல் இருக்கிறார்கள்.

அதனால் என் தாள்களில் முதல் பெட்டிச் செய்தி எப்போதும் ஒன்றுதான். திரும்பி வரும் வழி. "எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லையா? இந்தப் பட்டனை அழுத்தினால் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடலாம். எதுவும் கெடாது." அதற்குப் பின்னால்தான் படி ஒன்று. எந்தப் படியில் நிஜமாகவே கெடுமோ, பணம் போகுமோ, அழிந்தால் திரும்ப வராதோ, அந்தப் படியில் மட்டும் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கிறேன். பத்து இடத்தில் எச்சரிக்கை போட்டால் பதினோராவது இடத்தில் யாரும் பார்ப்பதில்லை.

ஓடிபி விஷயம் இதில் தனி. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று டிவி, ரேடியோ, வங்கி, எல்லோரும் சொல்லிச் சொல்லி அது மக்கள் மனதில் பதிந்துவிட்டது, நல்லதுதான். மாமா ஓடிபி வந்ததும் போனைத் திருப்பி மார்போடு அணைத்துக்கொண்டார், நான் பார்த்துவிடாமல். எனக்கு உண்மையில் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அதைத் திரையில் இருக்கும் கட்டத்தில் போடவும் மறுத்துவிட்டார். "யாருக்கும் சொல்லாதேங்கிறாங்க, நீ இதுல போடச் சொல்றே." அவர் கேட்பதில் தப்பே இல்லை, ஒரே ஆறு இலக்கத்தைப் பற்றி இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்கிறோம், வித்தியாசத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ரொம்ப நேரம் யோசித்து இப்படி எழுதினேன்: "நீங்களே திறந்த செயலியில், நீங்களே கேட்டு வந்த எண்ணை, உங்கள் கையால் போடலாம். போனில் கூப்பிட்டுக் கேட்கும் யாருக்கும், அவர் எந்த அதிகாரியாக இருந்தாலும், சொல்லக்கூடாது." யுபிஐ பற்றிய தாளிலும் இதே மாதிரி ஒரு வரி உண்டு. பணம் அனுப்புவதற்குப் பின் எண் வேண்டும், பணம் வருவதற்கு வேண்டவே வேண்டாம். "உங்களுக்குப் பணம் வருது, பின்னைப் போடுங்க" என்று யாராவது சொன்னால் உங்கள் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். இந்த ஒரு வரி தெரியாமல் பணத்தை இழந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அதற்குக் கீழே 1930 என்ற உதவி எண்ணைப் பெரிதாக அச்சடித்திருக்கிறேன், பணம் போனது தெரிந்த உடனே கூப்பிட வேண்டும் என்று.

அப்புறம், ஓடிபி மேலே பட்டையாக வந்துவிட்டு மூன்று நொடியில் மறைந்துவிடும். அதைப் பார்க்க மெசேஜுக்குள் போய்விட்டுத் திரும்பினால் சில சமயம் செயலி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதனால் தாளின் தொடக்கத்திலேயே "பக்கத்தில் ஒரு பேனா, ஒரு துண்டுத்தாள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுகிறேன்.

மொழிக்கு வருகிறேன். நம் அலுவலகத் தமிழில் ஒரு வழக்கம் இருக்கிறது: "உள்ளீடு செய்யப்பட்ட விவரங்கள் சரிபார்க்கப்பட்ட பின்னர் ஒப்புகை எண் வழங்கப்படும்." யார் சரிபார்க்க வேண்டும்? நானா, போனா? படிக்கிறவர் தான்தான் ஏதோ செய்ய வேண்டும் என்று நினைத்துத் திரையில் தேடிக்கொண்டிருப்பார். "நீங்கள் போட்டதைப் போன் சரிபார்க்கும். அரை நிமிடம் ஆகலாம், எதையும் தொடாமல் இருங்கள். ஓர் எண் வரும், அதை எழுதிக்கொள்ளுங்கள்" என்றால் குழப்பம் இல்லை. யார் செய்வது என்று சொல்லாத வாக்கியம் கதையில் வரலாம், கட்டுரையில் வரலாம், கையேட்டில் வரவே கூடாது.

ஆனால் தமிழ் நமக்குச் செய்யும் ஒரு பெரிய உதவியும் உண்டு, ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தவரை எனக்கு அது தெரியவில்லை. ஆங்கிலத்தில் தட்டு என்பது முதலில் வரும், எதை என்பது அப்புறம், எங்கே என்பது கடைசி. படிக்கிறவர் கையைத் தூக்கிவிட்டு இடத்தைத் தேடுவார். தமிழில் "மேலே, சோத்துக்கைப் பக்க மூலையில், மூன்று புள்ளி இருக்கும், அதைத் தட்டுங்கள்" என்று இயல்பாகவே இடம் முன்னால் வந்துவிடுகிறது. கண் முதலில் மூலைக்குப் போகிறது, அங்கே புள்ளியைப் பார்க்கிறது, அப்புறம்தான் விரல் போகிறது. கையேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வரிசை கிடையாது. ஆங்கிலத்திலிருந்து வரிக்கு வரி மாற்றுகிறவர்கள் இதைக் கெடுத்து "தட்டவும்: மேல் வலதுபுறம் உள்ள ஐகான்" என்று எழுதும்போது எனக்கு மனசு வலிக்கும்.

சோத்துக்கை என்று எழுதுவதற்கு ஒரு நண்பர் ஆட்சேபித்தார், வலது என்று எழுதலாமே, கொச்சையாக இருக்கிறது என்று. வலது என்றால் என் அம்மா ஒரு நொடி நின்று, கையைப் பார்த்து, சாப்பிடுவதுபோல விரலைக் குவித்து, அப்புறம்தான் திரும்புவாள். சோத்துக்கை என்றால் நேராகப் போவாள். எத்தனையோ பேருக்கு வலது, இடது உடனே வராது, படித்தவர்களுக்கும்தான். அந்தச் சொல்லை நான் மாற்றப் போவதில்லை.

கலைச்சொல் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மணப்பாறைப் பக்கத்திலிருந்து வந்த மணவை முஸ்தபா வாழ்நாள் முழுக்கக் கணினிக்கும் மருத்துவத்துக்கும் தமிழ்ச்சொல் தொகுத்தார், அவரைப் போன்றவர்களின் உழைப்பு இல்லாவிட்டால் இன்று கோப்பும் உலாவியும் கடவுச்சொல்லும் இவ்வளவு சாதாரணமாக நம் வாயில் வராது. பள்ளிப் பாடத்தில் அந்தச் சொற்கள் வேண்டும், செய்தியில் வேண்டும். ஆனால் திரையில் சப்மிட் என்று ஆங்கிலத்தில் இருக்கும்போது என் தாளில் "சமர்ப்பி" என்று மட்டும் எழுதினால் அந்த மனிதர் சமர்ப்பியைத் தேடுவார். திரையில் இருக்கும் ஆங்கில எழுத்துகளை அப்படியே படமாக வெட்டி ஒட்டி, அதை எப்படிச் சொல்வது என்று தமிழில் எழுதி, அது என்ன செய்யும் என்று பக்கத்தில் போடுகிறேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களும் எழுத்தின் வடிவத்தை வைத்துப் பொருத்திப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுகிறார்கள், பஸ் போர்டு பார்ப்பதுபோல. போனைத் தமிழுக்கு மாற்றி வைத்திருப்பவர்களுக்கு வேறு தாள், வேறு படங்கள். இரண்டையும் ஒரே தாளில் திணிக்கப் பார்த்தேன், சரிப்படவில்லை.

படம் என்றதும் ஒன்று. கணினியில் அழகாகச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருப்பேன். ஜெராக்ஸ் கடையில் நூறு பிரதி எடுத்தால் சிவப்பு சாம்பலாகிவிடும், வட்டம் இருக்கும் இடமே தெரியாது. முதல் நூறு பிரதி வீணாய்ப் போயிற்று. இப்போது தடித்த கறுப்பு அம்புக்குறி, அதன் தலையில் ஒரு எண், எழுத்தின் அளவு 16 பாயின்ட்டுக்குக் குறையாமல். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தாலும் தெரிகிறதா என்று மூன்று தலைமுறை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன், ஏனென்றால் இந்தத் தாள்கள் அப்படித்தான் கைமாறிப் போகின்றன. தாளின் தலையில், அதை எழுதிய மாதமும் வருடமும் கட்டாயம். செயலிகள் மாறிக்கொண்டே இருக்கும், பழைய தாளை வைத்துக்கொண்டு தன்னைத்தானே திட்டிக்கொள்ளும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த தாள் தமிழ்99 விசைப்பலகை பற்றியது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தன் நினைவுகளைக் கணினியில் எழுத வேண்டும் என்று கேட்டார். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி தமிழக அரசு ஏற்ற விசையமைப்பு இது. அதைச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் முழு விசைப்பலகைப் படத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதைப் பார்த்ததும், 247 எழுத்தையும் எங்கே போய் ஞாபகம் வைப்பது என்று மலைப்பு வரும். நான் முதல் பக்கத்தில் ஒரே ஒரு சொல்தான் வைத்தேன், அம்மா. ஆங்கில விசையில் ஏ அழுத்துங்கள், அ வரும். கே அழுத்துங்கள், ம வரும். இன்னொரு முறை கே அழுத்துங்கள், முதல் ம தானாகவே ம் ஆகிவிடும், ம்ம என்று நிற்கும். கியூ அழுத்துங்கள், மா. நாலே நாலு தட்டு. புள்ளி நாம் வைக்கவில்லை, ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் முதலாவதற்குப் புள்ளி என்பது கணினிக்கே தெரியும். ஆசிரியர் அதை அடித்துவிட்டு, திரையைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே "அப்போ அப்பா?" என்றார். கேயைத் தொட்ட விரல் பக்கத்து ஜேயில் ப இருப்பதைக் கண்டுபிடித்தது, ஏ, ஜே, ஜே, கியூ. அதற்கப்புறம் இரண்டாம் பக்கத்தை அவரே திருப்பினார். உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம், 12ம் 18ம் தெரிந்தால் மீதியெல்லாம் சேர்ந்து வருவது என்று அங்கே எழுதியிருந்தேன். நாற்பது வருடம் உயிர்மெய் சொல்லிக்கொடுத்தவருக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாமாவின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் வெளிச்சம் குறைந்துவிட்டதால் முகம் பதியவில்லை, மறுநாள் காலை திண்ணையில் வெயிலுக்கு எதிரே உட்கார்ந்து, வட்டத்துக்குள் முகத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்டச் சொன்னபோது சிமிட்டி, பிரமாண் எண் வந்துவிட்டது. மூன்று பக்கத் தாளைச் சரிசெய்து, நாலு பேரிடம் கொடுத்து, அவர்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, எங்கே நின்றார்கள் என்று குறித்து மறுபடி எழுதினேன். எண் வந்தால் மட்டும் போதாது, பென்ஷன் வழங்கும் இடத்தில் ஏற்றுக்கொண்டார்களா என்றும் பார்க்க வேண்டும், பிபிஓ எண்ணோ (பென்ஷன் ஆணையின் எண்) கணக்கு எண்ணோ தப்பாக இருந்தால் நிராகரித்துவிடுவார்கள் என்பது நாலாவது ஆளிடம்தான் தெரிந்தது.

இந்த நவம்பர் மூன்றாம் தேதி மாமா வந்தார். தானே செய்து முடித்துவிட்டாராம். கையில் போன வருடத் தாள், நாலாக மடித்து மடித்துக் கோடு விழுந்திருந்தது. ஆறாவது படியில் நான் எழுதியிருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தில் "பட்டன் இப்ப கீழே இருக்கு" என்று எழுதி ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தார். "மாத்திரு பாப்பா, பின்தெரு ராசு கேட்டிருக்கான், அவனுக்கும் குடுக்கணும்" என்றார். தாளை வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் புதுப் படம் எடுத்து மாற்றிவிட வேண்டும்.